மூன்று பெட்டியும் ஒரு புத்தகமும்



கொஞ்சம் நீளமான பதிவு. கணினி சமாச்சாரம் என்று பயந்து கடந்துபோய்விடாதீர்கள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். முப்பத்து மூன்று வருடம் கூட்டலும் கழித்தலும் ஆத்திசூடியும் சொல்லிக்கொடுத்தவள். எனக்கே புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

சமயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு படிப்பகம் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாதி, டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்கள் பாதி. அச்சுப் புத்தகம் இரண்டு பீரோ. மற்றதெல்லாம் ஸ்கேன் செய்து வைத்தவை: பழைய பாடநூல்கள், வினாத்தாள்கள், ஊர்க்காரர்கள் கொடுத்த ஆண்டு மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள்கூட உண்டு. அவற்றோடு பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் ஆயுசு முழுக்க எழுதிவைத்த பதினோரு நோட்டுகளும் இருக்கின்றன. எந்த வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தொட்டது, நெல் மூட்டை என்ன விலை, சித்திரைத் தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வந்தது என்று வருஷா வருஷம் குறித்திருக்கிறார். நாங்கள் ஸ்கேன் எடுத்துக் கொடுத்து எட்டு மாதத்தில் அந்த நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது உலகத்தில் அவை இருப்பது எங்கள் கணினியில் மட்டும்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள், மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கும்போது ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிற நாளில் கைபேசியில் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். அம்மன் நமக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கும் அதே மாதத்தில்தான் பிள்ளைகளுக்குத் தேர்வும் நெருங்கும். அதனால் புத்தகம் வீட்டுக்குள்ளேயே, நம் ஒயரிலேயே கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது பெங்களூரில் சர்வர் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது, ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மூன்று கணினிகளைக் கொண்டுவந்து மாடியில் வைத்தான். "டீச்சர், ஒண்ணுல போட்டா மூணுலயும் எழுதும். ஒரு பெட்டி செத்தாலும் புக்கு சாகாது" என்றான். அதற்கு அவன் போட்ட மென்பொருளின் பெயர் குளஸ்டர். குனூ, கிளஸ்டர் என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி வைத்த பெயர். குனூ என்பது ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பெயர், கிளஸ்டர் என்றால் கொத்து.

இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்காக 'தண்டர்' என்ற மீத்திறன் கணினியைக் கட்டிய நிறுவனத்தில் இருந்தார். 2004 ஜூனில் அது உலகின் வேகமான கணினிகள் பட்டியலில் இரண்டாவது இடம். அடுத்த வருடம் ஹிதேஷ் செல்லானியோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தில்தான் குளஸ்டர் வளர்ந்தது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் சுமார் 136 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. இதைப் பையன் சொன்னதும் எனக்கு ஒரு சந்தோஷம். நம்மூர்ப் பக்கத்துப் பிள்ளை செய்த பெட்டியில் நம்மூர்க்காரர் நோட்டு இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பாதுகாப்பாக இருந்ததே தவிர, புத்தகம் திறக்க நேரமானது. முந்நூறு பக்கப் புத்தகம் என்றால் ஒரு உறைக்குள் முந்நூறு படம். உறையைத் திறந்தால் சின்னச் சின்னப் படமாக வரிசை கட்டி வர வேண்டும். என் கைபேசியில் நேரம் பார்த்தேன்: 38 வினாடி. பதினாறு வயசுப் பிள்ளைக்கு 38 வினாடி ஒரு யுகம். அதற்குள் அது கைபேசியை எடுத்துவிடும், எடுத்த பிறகு அன்றைக்குப் படிப்பு முடிந்தது. இரண்டு மாதத்தில் கூட்டம் பாதியானது.

படிப்பகத்துக்கு உதவுகிற இளைஞர் ஒருவர் சொன்னார்: "டீச்சரம்மா, மூணு காப்பி எதுக்கு? ரெண்டைத் தூக்கிட்டு ஒண்ணுல மட்டும் வைங்க, பறக்கும்." பணம் போட்டு உதவுகிறவர், நல்ல மனசு. ஆனால் எனக்கு அந்தப் பதினோரு நோட்டு கண்ணில் வந்து நின்றது. யாழ்ப்பாணம் நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதில் இருந்தன. "கொஞ்சம் பொறுங்க தம்பி, காப்பியில கை வைக்காம வேகம் வருதான்னு பாப்போம்" என்றேன். பெங்களூர்ப் பையனுக்குப் போன் போட்டேன். அடுத்த நாலு ஞாயிறும் இதுவே வேலையாகப் போனது.

மூன்று பிரதி இருந்தால் படிப்பது மூன்று மடங்கு வேகமாகத்தானே இருக்க வேண்டும்? முதலில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஏன் அப்படி இல்லை என்று பையன் எனக்கு விளக்கினான், நான் பிள்ளைகளுக்கு வகுப்பறை பாஷையில் மாற்றிச் சொன்னேன்.

சொல்வதெழுதுதல் நடக்கிறது என்று வையுங்கள். மூன்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான் ஒரு வரி சொன்னால் மூவரும் எழுதி முடித்த பிறகுதான் அடுத்த வரி. குளஸ்டரில் எழுதுவது இப்படித்தான். அதுவும் ஒரே ஒயர் வழியாக மூன்று தடவை அனுப்புவதால் எழுதும் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது. படிக்கும்போது மூன்று நோட்டையும் பார்க்க வேண்டியதில்லை, ஒருவன் நோட்டை வாங்கிப் படித்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: "இவன் நேற்று லீவா? கடைசி வரி இவனிடம் இருக்கிறதா?" அதைத் தெரிந்துகொள்ள மூவரையும் கேட்டாக வேண்டும், மூவரும் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பக்கத்தைக் கொடுப்பது ஒரு பெட்டி, கேள்விக்குப் பதில் சொல்வது மூன்று பெட்டி. மூன்றில் எது சோம்பேறியோ அதன் வேகம்தான் எல்லோருக்கும்.

ஒரே ஒரு பெரிய கோப்பு என்றால் இந்த விசாரணை ஒருமுறையோடு முடிந்துவிடும், பிறகு தண்ணீர் மாதிரி வரும். முந்நூறு சின்னப் படம் என்றால் முந்நூறு விசாரணை. எங்கள் 38 வினாடியில் பெரும்பகுதி இதில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆக, வேகப்படுத்துவது என்றால் இந்த விசாரணையை எப்போது குறைக்கலாம், எவ்வளவு நேரம் பழைய பதிலை நம்பலாம் என்று தீர்மானிப்பது.

முதல் ஞாயிறு அளந்து பார்ப்பதிலேயே போயிற்று. அளக்காமல் எதையும் திருகக் கூடாது என்று பையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பெரிய வீடியோ ஒன்றை நகல் எடுத்தோம். வினாடிக்கு 11 மெகாபைட். அதைக் கேட்டதுமே அவன் சிரித்தான். "டீச்சர், நூறு மெகாபிட் ஒயர்ல சரியா இவ்வளவுதான் வரும். மென்பொருளைத் தொடவே வேண்டாம், முதல்ல ஒயரைப் பாருங்க." கணினிகளோடு வந்த பழைய ஒயர் ஒன்றில் எட்டு இழைக்குப் பதில் நாலு இழைதான் வேலை செய்தது. சுவிட்சும் பழையது. திருச்சி டவுனுக்குப் போய் இரண்டையும் மாற்றினோம். வினாடிக்கு 110ஐத் தொட்டது. பெரிய கோப்புக்குப் பத்து மடங்கு வேகம். முந்நூறு பக்கப் புத்தகமோ 38இலிருந்து 26க்குத்தான் இறங்கியது. பாதையை அகலமாக்கினாலும் சுங்கச்சாவடியில் நின்று நின்றுதானே போக வேண்டும்! (நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

அளக்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். ஒரே புத்தகத்தை இரண்டாம் தடவை திறந்தால் அது கணினியின் நினைவிலிருந்து வந்துவிடும், நாம் என்னவோ சாதித்ததாகத் தோன்றும். அதனால் ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு யாரும் தொடாத புத்தகமாகத் தேடித் திறந்தோம்.

இங்கே பிள்ளைகள் சமாச்சாரம் ஒன்று. எங்களிடம் பிள்ளைகள் உட்காருவது ஆறு கணினி. அதில் மூலையில் இருப்பதற்கு மட்டும் எப்போதும் சண்டை. ஃபேன் காற்றுக்காக என்று நான் நினைத்திருந்தேன். விசாரித்தால், "டீச்சர், அதுலதான் புக்கு சீக்கிரம் வருது" என்றது ஆறாம் வகுப்பு ஒன்று. உண்மைதான். அந்தக் கணினி மூன்று சர்வரில் ஒன்றும்கூட. படிக்கிற பெட்டியிலேயே ஒரு பிரதி இருந்தால், குளஸ்டர் வெளியே போகாமல் அந்தப் பிரதியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கேள்வி மட்டும் மற்ற இரண்டுக்கும் போகும். இந்த வசதி வேண்டாமென்று நிறுத்தாதவரை இயல்பாகவே இருக்கும். பெங்களூர் இன்ஜினியர் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு திருகு வேலை. நினைவு ஒதுக்கீடு இயல்பாக 32 மெகாபைட். அதை 256 ஆக்கினோம். பார்த்த பக்கத்துக்குத் திரும்பி வரும்போது உதவியது, முதல் திறப்புக்கு ஒன்றும் செய்யவில்லை. சின்னக் கோப்புகளை விசாரணையோடு சேர்த்தே கையில் கொடுத்துவிடும் வசதி ஒன்று இருக்கிறது, ஆனால் அது 64 கிலோபைட் வரைதான். எங்கள் பக்கப் படம் ஒவ்வொன்றும் 300 கிலோபைட், அதனால் பயனில்லை.

பயன்பட்டது அடுத்தது. ஒரு கோப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்த பதிலை, அதாவது பெயர், அளவு, கடைசியாக மாற்றிய நேரம் இவற்றை, எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அமைப்பு. இயல்பாக ஒரு வினாடி. ஒரு வினாடி கழிந்ததும் மறுபடி மூன்று பேரையும் கேட்கும். அதை 600 வினாடியாக்கினான். "பத்து நிமிஷம் பழைய பதிலை நம்புறதா? நடுவுல யாராவது மாத்திட்டா?" என்று கேட்டேன். அதற்குத்தான் கூடவே இன்னொன்றையும் முடுக்கிவிட வேண்டுமாம்: கோப்பு மாறினால் சர்வரே முன்வந்து, "உன் கையில் இருப்பது பழசு" என்று படிக்கிற கணினிகளுக்குச் சொல்லிவிடும். அதைச் செய்யாமல் நேரத்தை மட்டும் கூட்டினால் ஒருவர் திருத்தியது இன்னொருவருக்குத் தெரியாமல் போகும். எங்கள் சரக்கு ஸ்கேன் செய்த பக்கம், கரையான் தின்ற நோட்டில் இனி யார் திருத்தப்போகிறார்கள்? அதனால் எங்களுக்குப் பொருத்தம். பத்துப் பேர் மாற்றி மாற்றி எழுதும் கணக்குக் கோப்பு வைத்திருக்கிற அலுவலகத்துக்கு இதே அமைப்பை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். இதன் பிறகு, ஒருமுறை திறந்த புத்தகம் அதே கணினியில் மறுபடி 5 வினாடியில் வந்தது.

யார் யாருக்கு எந்தப் பெட்டி பக்கம் கொடுப்பது என்றும் ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக ஒரு கோப்புக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். அதனால் எல்லோரும் ஒரே நடப்பு நிகழ்வுகள் புத்தகத்தைத் திறந்தால் எல்லோரும் ஒரே பெட்டியிடம் போய் நிற்பார்கள். படிக்கிற கணினியைப் பொறுத்தும் பிரிக்கச் சொல்லலாம், யாரிடம் வேலை குறைவோ அவரிடம் அனுப்பவும் சொல்லலாம். பிரித்தால் மூன்று பெட்டியும் தன் தன் வட்டிலிருந்து அதே புத்தகத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரே பெட்டி என்றால் ஒருமுறை எடுத்து எல்லோருக்கும் நினைவிலிருந்து கொடுத்துவிடும். இரண்டு விதமாகவும் பார்த்தோம். எங்கள் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இயல்பிலேயே விட்டுவிட்டோம்.

அந்த மாதத்தில்தான் 42 எண்ணுகிற விளையாட்டு வந்தது. கூட்டும்போது ஒரு பெட்டியின் பிளக் பிடுங்கிக்கொண்டது. ஆறு கணினியும் உறைந்து நின்றன. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மற்ற இரண்டு பெட்டியை வைத்து ஓட ஆரம்பித்தன. ஒரு பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் போனால் அதற்காகக் காத்திருக்கும் நேரம் குளஸ்டரில் இயல்பாக 42 வினாடி. பிள்ளைகள் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். உதவுகிற தம்பி அதை ஐந்தாகக் குறைக்கச் சொன்னார். பெங்களூர்ப் பையன் கூடாது என்றான். சும்மா கொஞ்சம் மூச்சு வாங்கும் பெட்டியைச் செத்துவிட்டதாக முடிவு கட்டி, உறவைத் துண்டித்து, திரும்ப வந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் பேசிக்கொள்வது அதைவிடச் செலவாம். பழைய பெட்டிகள் அடிக்கடி மூச்சு வாங்கும். 42 அப்படியே இருக்கிறது.

அதே பிளக் பிடுங்கல்தான் மூன்று ஏன் என்பதையும் காட்டியது. இரண்டே பிரதி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தொடர்பு அறுந்துவிட்டது, இரண்டிலும் தனித்தனியே ஆள் எழுதிவிட்டார் என்றால் பிறகு எது சரி? இரண்டும் தன்னுடையதே சரி என்று நிற்கும். மூளை பிளந்தது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நமக்கு இது புதிதல்ல, பாடபேதம்தான். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடுகளைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். இரண்டு ஏடு மாறுபட்டால் எது மூலபாடம் என்று தீர்மானிக்க அவருக்குப் புலமை இருந்தது. கணினிக்கு அது கிடையாது, கையைத் தூக்கச் சொல்லி எண்ணத்தான் தெரியும். எண்ணுவதற்குக் குறைந்தது மூன்று வேண்டும். வட்டு வாங்கக் காசில்லாதவர்கள் மூன்றாவதை வெறும் சாட்சியாக வைக்கலாம். அது பெயரும் விவரமும் மட்டும் எழுதிவைக்கும், பக்கம் கொடுக்காது. எங்களிடம் பெட்டி இருந்ததால் மூன்றும் முழுப் பிரதி.

மூன்றாம் ஞாயிறுதான் உண்மையான வேகம் வந்தது, அது எந்த அமைப்பிலும் இல்லை. "முந்நூறு படத்தை முந்நூறாவே ஏன் டீச்சர் வச்சிருக்கோம்?" என்று பையன் கேட்டான். ஒவ்வொரு புத்தகத்தின் படங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கினோம். முந்நூறு விசாரணை ஒன்றானது. யாரும் தொடாத புத்தகம் 2 வினாடியில் திறந்தது. மூலப் படங்களைத் தனியாக ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டோம், பிள்ளைகள் கண்ணில் படாது. எல்லாப் புத்தகத்தையும் மாற்றி முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து செய்தார்கள், பக்க எண் சரிபார்த்ததும் அவர்களே. திருகு வேலை பேசுகிறவர்கள் இந்த வேலையைச் சொல்வதே இல்லை. அலமாரி ஒழுங்காக இருந்தால் நூலகர் ஓட வேண்டியதில்லை என்பது எந்த நூலகருக்கும் தெரியும்.

சித்திரையில் ஒரு பெட்டியின் வட்டு செத்தது. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாராந்தரச் சோதனையில்தான் தெரிந்தது. புது வட்டு போட்டு, மற்ற இரண்டும் அதற்கு எல்லாவற்றையும் திரும்ப எழுதி முடிக்க ஒரு இரவும் அடுத்த நாள் மத்தியானமும் ஆனது. அந்த நேரம் படிப்பு மெதுவாகத்தான் இருந்தது. அந்தத் தம்பியை மாடிக்கு வரச் சொல்லிப் பெரியவரின் ஏழாவது நோட்டைத் திறந்து காட்டினேன். செத்த வட்டையும் மேஜையில் வைத்திருந்தேன். ஒரே காப்பி என்று அவர் அதற்கப்புறம் பேசவில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று பிரதி என்பது பேக்கப் அல்ல. ஒருவர் ஒரு கோப்பை அழித்தால் மூன்றிலும் ஒரே நேரத்தில் அழியும். மூன்று பெட்டியும் ஒரே மாடியில் இருக்கின்றன, இடி விழுந்தால் மூன்றுக்கும் விழும். அதனால் மாதம் ஒருமுறை ஒரு தனி வட்டில் நகல் எடுத்து ஶ்ரீரங்கத்தில் என் தங்கை வீட்டுப் பீரோவில் வைக்கிறோம். பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கிறது.

ரெட் ஹேட் தன் குளஸ்டர் சேவையை 2024 டிசம்பர் 31ஓடு முடித்துக்கொண்டது. மென்பொருள் கட்டற்றதாக இருப்பதால் எங்களுடையது ஓடுகிறது. இப்படியே எத்தனை வருஷம் என்று நானும் கேட்டேன். பையன் பதில் சொல்லாமல் ஒரு பெட்டியின் வட்டைக் கழற்றி, குளஸ்டரே இல்லாத தன் லேப்டாப்பில் மாட்டினான். எங்கள் உறைகள், எங்கள் புத்தகங்கள் அதே பெயரில் அப்படியே இருந்தன. எங்களைப் போல முழுப் பிரதியாக வைக்கும்போது இது கோப்பைத் துண்டு துண்டாக நறுக்குவதில்லை. மென்பொருள் போனாலும் புத்தகம் கையில் இருக்கும். இதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இப்போது மாலையில் மறுபடி பன்னிரண்டு, பதிமூன்று பேர். மூலைக் கணினிச் சண்டையும் குறைந்துவிட்டது. அடுத்து ஆண்டு மலர்களை மாற்ற வேண்டும், நாற்பத்தேழு இருக்கிறது. யாரிடமாவது ஒரு டெராபைட்டுக்கு மேல் நல்ல வட்டு சும்மா கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறு வேண்டாம், கோயில் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வியாழன் மாலை வந்தால் நானும் இருப்பேன், காபியும் இருக்கும்.